சர்வரில் ஒரு பிள்ளையார் சுழி

தென்காசியில் எங்கள் அலுவலகத்தின் சர்வர் அறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். சர்வரில் கை வைப்பவர்கள் செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை என்று பத்து வரிகள். அதில் ஒன்பது எந்த ஊர் அலுவலகத்திலும் இருக்கக்கூடியவை. ஏழாவது வரி மட்டும் இரண்டு மாத காலம் இப்படி இருந்தது: ‘எந்த ஃபைலிலும் பிள்ளையார் சுழி போடக் கூடாது.’ புதிதாக வருகிறவர்கள் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறேன். அந்த விதி ஒரு பொய்யால் வந்தது. பொய்யைச் சொன்னவள் நான்.

பள்ளிக்கூடங்களுக்கு மென்பொருள் செய்து கொடுப்பது எங்கள் வேலை. பிள்ளைகளைச் சேர்க்கும்போது பெயர், பிறந்த தேதி, புகைப்படம் எல்லாவற்றையும் அதில்தான் ஏற்றுவார்கள். தலைமை அலுவலகம் சென்னையில். தென்காசிக் கிளையில் பதினாலு பேர், ஒரு மேனேஜர், அவருக்கு அடுத்தபடி நான். சென்னையில் பன்னிரண்டு வருடம் குப்பை கொட்டிவிட்டு, கணவரின் ஊரான இலஞ்சிக்கு வந்து சேர்ந்தவள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அது எல்லோருக்கும் தெரியும், நானே அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். கோபத்துக்கு அடியில் இருந்த பயம்தான் யாருக்கும் தெரியாது. சர்வரை ஒரு பெண் பார்த்துக்கொள்கிறாள் என்றதும் ஆரம்பத்தில் வாயைக் கோணியவர்கள் உண்டு. ஒரு தப்பு செய்தால் போதும், ‘அப்பவே சொன்னேம்லா’ என்று வரிசையில் வந்து நிற்பார்கள் என்று நினைத்தேன். அதனால் தப்பே செய்யாதவள் என்ற பெயரை ஆறு வருடமாக, பஸ்ஸில் முட்டை கொண்டு போகிறவளைப் போல மடியில் வைத்துக் காப்பாற்றி வந்தேன்.

அந்தப் பொய் யார் தலையில் விழுந்ததோ அந்தப் பெண்ணை வேலைக்கு எடுத்ததும் நான்தான். பாவூர்சத்திரத்துக்காரி. அவள் அப்பா அங்கே காய்கறி மார்க்கெட்டில் மினி லாரி ஓட்டுகிறார். நேர்முகத் தேர்வுக்கு மகளை அழைத்து வந்தவர் மாடிக்கு வராமல் கீழேயே நின்றிருந்தார். நான் இறங்கிப் போய்ப் பேசினேன்.

“ஆறு மாசம் பாப்பேன் மேடம். நிரந்தரம்னு ஒரு பேப்பர் கையில வாங்கிட்டான்னா அப்புறம் அவ இஷ்டம். இல்லேன்னா பி.எட். சேந்துரட்டும். டீச்சர் வேலைன்னா நமக்குத் தெரிஞ்ச வேலை. இதெல்லாம் என்னன்னே வெளங்க மாட்டேங்குது” என்றார்.

“நான் பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி. எந்தங்கச்சி மாதிரி” என்று சொன்னேன். அவர் அதை அப்படியே நம்பினார்.

அவள் கெட்டிக்காரி. ஏதாவது கேட்டால் பதில் சொல்ல அரை நிமிடம் எடுத்துக்கொள்வாள். வருகிற பதில் சரியாக இருக்கும். எனக்குத்தான் அந்த அரை நிமிடம் பொறுக்காது. பாதியில் புகுந்து நானே ஒரு பதிலைச் சொல்லிவிடுவேன், பல சமயம் தப்பாக. அவள் அதைத் திருத்த இன்னொரு அரை நிமிடம் யோசிப்பாள். ஐந்து மாதம் இப்படிப் போயிற்று. ஜூன் கடைசியில் அவளை நிரந்தரம் ஆக்கும் கடிதம் வர வேண்டும்.

ஜூனில் சாரல் பிடித்துவிட்டால் எங்களுக்கு விருந்தாளிகளும் பிடித்துவிடுவார்கள். குற்றாலத்துக்குப் பக்கத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு இதிலிருந்து தப்பிக்க வழியில்லை. அந்த வெள்ளிக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து நான்கு பெண்கள் பிள்ளைகுட்டிகளோடு வந்து இறங்கியிருந்தார்கள். மதியத்துக்கு மேல் ஐந்தருவியில் கூட்டம் தாங்காது, அதற்குள் அவர்களைக் குளிக்க வைத்துக் கூட்டி வந்துவிட வேண்டும் என்பது திட்டம். அன்று காலை எனக்கு ஒரு வேலையும் இருந்தது. சர்வரில் எங்கள் மென்பொருள் ஓடுவது பி.எச்.பி. என்ற மொழியில். அந்த மொழியைப் புதிய பதிப்புக்கு மாற்ற வேண்டும்.

மாற்றுவது பெரிய காரியமில்லை. கூடவே இருக்கிற எக்ஸ்டென்ஷன்தான் கவனம் கேட்பது. அது மொழியோடு தனியாக மாட்டிக்கொள்ளும் ஒரு துண்டு. எங்களுடையது, பள்ளிக்கூடங்கள் ஏற்றும் புகைப்படங்களைச் சிறிதாக்கித் தரும். மிக்சியை மாற்றினால் பழைய ஜார் அதில் உட்காராது அல்லவா, அது போல மொழியின் பதிப்பு மாறினால் எக்ஸ்டென்ஷனையும் புதிய பதிப்புக்கென்று மறுபடி செய்து மாட்ட வேண்டும். நான் புதிய பதிப்பைப் போட்டு முடித்தபோது மணி பதினொன்றரை. கீழே வேன்காரர் ஹாரன் அடிக்கிறார். எக்ஸ்டென்ஷனைச் செய்ய வேண்டும், பிறகு சர்வீஸை நிறுத்தித் திரும்ப ஓடவிட வேண்டும். அப்படி ஓடவிடும் வரைக்கும் சர்வரின் நினைவில் இருக்கிற பழைய பதிப்பே ஓடிக்கொண்டிருக்கும், வெளியே ஒரு வித்தியாசமும் தெரியாது. திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்துவிட்டேன்.

ஐந்தருவியில் அன்று நல்ல தண்ணீர். பெண்கள் பக்கத்தில் தலையைக் கொடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றேன். வெளியே வந்தபோது சர்வர் சுத்தமாக மறந்து போயிருந்தது.

திங்கட்கிழமை காலை ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. புகைப்படத்தின் அளவு பெரிதாக இருந்தால் ஏற மாட்டேன் என்கிறதாம். கான்ஃபிக் ஃபைலில், அதாவது மொழி எப்படி ஓட வேண்டும் என்று எழுதி வைக்கும் ஃபைலில், ஒரே ஒரு எண்ணை மாற்றினால் போதும். “இத நீயே செஞ்சிரு” என்று அவளிடம் சொன்னேன். உண்மையான சர்வரில் அவள் கை வைப்பது அதுதான் முதல் தடவை. அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்துக்கொண்டே என் இடத்துக்குப் போனேன்.

அவள் எண்ணை மாற்றினாள், சர்வீஸை நிறுத்தி ஓடவிட்டாள். எக்ஸ்டென்ஷன் ஏறவில்லை. அடுத்த ஐந்து நிமிடத்தில் அலுவலகத்தில் இருந்த எல்லா போன்களும் அடிக்க ஆரம்பித்தன. எந்தப் பள்ளிக்கூடத்திலும் புகைப்படம் வரவில்லை. சேர்க்கை நேரம், பெற்றோர் வரிசையில் நிற்கிறார்கள்.

நான் போய் அவள் திரையைப் பார்த்தேன். ஃபைலின் முதல் வரியில் ஒரு அரைப்புள்ளி, அதற்கு அடுத்து ‘உ’. அரைப்புள்ளி போட்டு எழுதும் வரி மனிதர்கள் படிப்பதற்கான குறிப்பு, மொழி அதைப் படிக்காமல் தாண்டிப் போய்விடும். முதல் வாரத்தில் இதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். ஆனாலும் அந்த எழுத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

“என்னட்டி இது?”

“அக்கா, அது சும்மா... மொதல் தடவைன்னு...”

“இது என்ன ஒங்க வீட்டுக் கல்யாணத்துக்கு மளிகை லிஸ்ட்டா, சுழி போட்டு ஆரம்பிக்க? சாமி கும்பிடணும்னா இந்தா இருக்கு பெரிய கோயிலு, அங்க போ. சர்வர்ல எதுக்குட்டி கொண்டுவந்து வைக்க?”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் எழுந்து நின்றுவிட்டாள், வகுப்பில் நிற்கிற மாதிரி. எனக்குப் பின்னால் சர்வர் பெட்டியின் மேல், போன ஆயுத பூஜைக்கு என் கையால் வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன. அது எனக்கு அப்போது கண்ணில் படவில்லை.

நான் அந்த வரியை அழித்துவிட்டு ஓடவிட்டேன். ஏறவில்லை. பழைய ஃபைலை எடுத்துப் போட்டேன். அப்போதும் ஏறவில்லை. இதற்கு மேலாவது நான் யோசித்திருக்க வேண்டும். அவள்தான் மெதுவாகச் சொன்னாள், “அக்கா, லாக்ல வேற என்னமோ போட்டிருக்கு. ஒரு தடவ பாருங்களேன்.” சர்வர் தனக்கு நடப்பதை எல்லாம் வரி வரியாக எழுதிவைக்கும் குறிப்புதான் லாக். கோளாறு என்று வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம். நான் பார்க்கவில்லை.

“ஒம் பிள்ளையார்ட்டயே போய்க் கேளு. அவரு பாத்துச் சொல்லுவாரு.”

இந்தத் தடவை சிரிப்பு இன்னும் பலமாக இருந்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு மணிக்கு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். அவள் டிபன் பாக்ஸை எடுக்காமல் போனாள். ஆள் இல்லாத அறையில் நான் லாக்கைத் திறந்தேன். அதன் கடைசியில் ஒரே விஷயம்தான் திரும்பத் திரும்ப எழுதியிருந்தது. எக்ஸ்டென்ஷன் பழைய பதிப்புக்காகச் செய்யப்பட்டது, ஓடிக்கொண்டிருப்பது புதிய பதிப்பு, இரண்டும் பொருந்த வேண்டும். படித்ததும் காது மடல் சுட்டது. வெள்ளிக்கிழமை, ஹாரன் சத்தம், திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்தது, எல்லாம் ஒரு நொடியில் வந்து நின்றன. அவள் சர்வீஸை ஓடவிட்டிருக்காவிட்டால் வேறு யாராவது ஓடவிட்டிருப்பார்கள், அவர்கள் தலையில் விழுந்திருக்கும். நான் எக்ஸ்டென்ஷனைப் புதிதாகச் செய்து மாட்ட கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஏறிக்கொண்டது. புகைப்படங்கள் வந்தன.

சாப்பிட்டுவிட்டு எல்லோரும் திரும்பியபோது கூடவே மேனேஜரும் வந்தார். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. யாரும் கோபமாக இல்லை, வேலை முடிந்துவிட்டது, ‘ஸாரி சார், வெள்ளிக்கிழமை நான் பாதியில விட்டுட்டுப் போயிட்டேன்’ என்றால் தீர்ந்தது.

“என்ன பிரச்சினையாம்?” என்று கேட்டார்.

“அந்த எழுத்துதான் சார். தமிழ் எழுத்து உள்ள போனதுல ஃபைலே கெட்டுப்போச்சு. நான் புதுசா எழுதி வச்சிட்டேன்.”

யோசிக்கக்கூட இல்லை. வாயைத் திறந்தேன், அது தயாராக இருந்தது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். சரியாக அவளுடைய அந்த அரை நிமிடம். பிறகு குனிந்து திரையைப் பார்த்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு எல்லாம் தன்பாட்டுக்கு நடந்தது. என்ன தவறு நடந்தது என்று ஒரு ரிப்போர்ட் எழுத வேண்டும், அவளை எழுதச் சொன்னேன். எழுதினாள், நான் கையெழுத்துப் போட்டேன். மேனேஜர் அதைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். அவளுடைய நிரந்தரக் கடிதம் மூன்று மாதம் தள்ளிப் போயிற்று. கதவில் ஏழாவது விதி வந்தது. பையன்கள் அவளைச் சுழி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். “ஏ சுழி, டீ குடிக்க வாரியா?” அவளும் சிரித்துக்கொண்டே போவாள். நான் அந்த நேரங்களில் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வேன்.

ஆடி மாதம் வீட்டில் ஒரு விசேஷம். காய்கறி மொத்தமாக வாங்கிவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போனேன். சாக்குகளுக்கு நடுவில் ஒருவர் என்னைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். அவள் அப்பா.

“மேடம், எம்பொண்ணு ஒரு தப்புப் பண்ணிட்டா போல. அவள ஒண்ணும் நெனச்சுக்கிடாதிய. மொதல் தடவ பெரிய மிஷின்ல கை வைக்கும்போது சுழி போட்டு ஆரம்பி தாயின்னு நாந்தான் சொல்லியிருந்தேன். நானும் லோடு சீட்டு எழுதுதப்ப போடுததுதானே. அங்க போடக் கூடாதுன்னு எனக்குத் தெரியல. ஏந்தப்புதான் மேடம்.”

பரவாயில்லை அண்ணாச்சி என்று சொன்னேன். சொன்னேன், அதுதான் அசிங்கம். அவர் செய்யாத தப்பை நான் மன்னித்தேன்.

“பி.எட். பாரம் வாங்கி வச்சிருக்கேன். ஒங்களுக்குச் செரமம் குடுக்க வேண்டாம்னு பாக்கேன். நீங்க என்ன சொல்லுதியளோ அதான்” என்றார். சொல்லிக்கொண்டே பக்கத்துச் சாக்கிலிருந்து கத்தரிக்காயை இரண்டு கையாலும் அள்ளி என் பையில் போட்டார். வேண்டாம் என்று நான் சொல்லும்முன் நிரம்பிவிட்டது. அந்தக் கத்தரிக்காயை என்னால் சமைக்க முடியவில்லை. நான்கு நாள் கழித்துப் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போட்டேன். ஏன் என்று கணவர் கேட்டார். சொத்தை என்றேன்.

உடனே போய் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அதற்கும் எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. தினமும் இன்று சொல்லிவிட வேண்டும் என்று இலஞ்சியிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்புவேன். தென்காசி வந்து சேர்வதற்குள் நாளைக்கு என்று ஆகியிருக்கும். கடைசியில் ஒரு வியாழக்கிழமை டீ நேரத்தில் அவளை மாடிப்படிக்குக் கூப்பிட்டேன்.

“அன்னைக்குத் தப்பு என்னோடது. வெள்ளிக்கெழமை நான் பதிப்ப மாத்திட்டு, எக்ஸ்டென்ஷன அப்படியே விட்டுட்டு அருவிக்குப் போயிட்டேன்.”

“தெரியும்க்கா.”

“எப்படித் தெரியும்?”

“வெள்ளிக்கெழமை லாக்ல இருந்துச்சு. ஒங்க பேரு, பதினொன்ற மணி, எல்லாம் இருந்துச்சு. ரிப்போர்ட்லயும் மொதல்ல அதத்தான் எழுதுனேன். அப்புறம் அழிச்சுட்டேன்.”

“ஏன் அழிச்ச?”

வழக்கம் போல யோசித்தாள். நான் இந்தத் தடவை குறுக்கே பேசவில்லை.

“நீங்க கையெழுத்துப் போடணும்லாக்கா” என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். சாதாரணமாகத்தான் சொன்னாள். இன்றைக்கே மேனேஜரிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

“சொல்லுங்கக்கா. ஆனா எங்கப்பாட்டயும் நீங்களே சொல்லணும்.”

“நீ சொன்னாப் போதாதா?”

“போதாதுக்கா.”

நேராக மேனேஜர் அறைக்குப் போனேன். ஆறு வருடம் காப்பாற்றியதை நானே கீழே போடப் போகிறேன். முழுவதையும் சொன்னேன், பொய்யையும் சேர்த்து. அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரித்தார்.

“அட, இதுக்கா மொகத்த இப்படி வச்சிருக்கிய? சீசன் நேரத்துல யாருக்கு மேடம் புத்தி ஆபீஸ்ல நிக்கி? விடுங்க. சர்வர்னா நடக்குததுதான். டீ சொல்லட்டுமா?”

டீ வந்தது. டீ ஆறுவதற்குள் எனக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது. நான் பயந்த எதுவும் நடக்கவில்லை. யாரும் வரிசையில் வந்து நிற்கவில்லை. இதற்காகவா ஒரு பெண்ணை இரண்டு மாதம் சுழியாக நடமாடவிட்டேன் என்று நினைத்ததும் டீயைக் கீழே வைத்துவிட்டேன். அவள் கடிதம் என்ன ஆகும் என்று கேட்டேன். “ஒரு மாசந்தானே பாக்கி, அது பாட்டுக்கு ஓடிரும்” என்றார். அப்போதுதான் என் கோபம் ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது. அவர் தலைமை அலுவலகத்துக்கு மெயில் எழுதி அனுப்பும் வரைக்கும் நான் அந்த நாற்காலியை விட்டு எழவில்லை. பிறகு வெளியே வந்து எல்லோரிடமும் சொன்னேன். “அப்ப அக்காதான் சுழியா?” என்று ஒருவன் கேட்டான், எல்லோரும் சிரித்தார்கள், எனக்கு அத்தோடு முடிந்தது. கதவில் இருந்த தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒட்டினேன். இப்போது ஏழாவது வரி, ‘முதலில் லாக்கைப் படிக்கவும்.’

அடுத்த வாரமே அவளுக்குக் கடிதம் வந்தது. அதற்கு நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தது.

மார்க்கெட்டில் அவர் லாரியிலிருந்து தக்காளிக் கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தார். இறக்கி முடிக்கும் வரை நின்றேன். பிறகு சொன்னேன். மிக்சி, ஜார் என்று நான் விளக்க ஆரம்பித்ததை அவர் கேட்கவில்லை. அவருக்கு வேண்டியது ஒன்றுதான்.

“அப்ப எம்பொண்ணு எழுதுனதால ஒண்ணும் ஆகலியா?”

“ஒண்ணும் ஆகல அண்ணாச்சி. தப்பு நான் செஞ்சது. அத மறைக்க அவமேல பொய் சொல்லிட்டேன்.”

அவர் என்னைத் திட்டவில்லை. முகம் மலர்ந்துவிட்டது. ஈரக் கையைத் துண்டில் துடைத்துவிட்டு அங்கேயே போனைப் போட்டார். மார்க்கெட் இரைச்சலில் கேட்காது என்று ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டார்.

“ஏட்டி, ஒங்க மேடம் இங்கன வந்திருக்காக. ஒம்மேல தப்பே இல்லையாம்லா. அவுகளே வந்து சொல்லுதாக.”

“நான் அன்னைக்கே சொன்னேம்லாப்பா” என்றது அவள் குரல்.

“நீ சொன்ன தாயி. நாந்தான் நம்பல” என்றார் அவர். “மேடம் பொய் சொல்ல மாட்டாகன்னு ஒன்னய ஏசிட்டேன்.”

நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.